சாங்கிச் சுவரும் ஒரு மாணவியின் கேள்வியும்

கடந்த மாதம் வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது பழைய பயிற்சித்தாள் கட்டு ஒன்று கையில் அகப்பட்டது. 2016ஆம் ஆண்டில் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களைச் சாங்கி அருங்காட்சியகத்திற்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றபோது நான் தயாரித்துக் கொடுத்த தாள்கள் அவை. ‘நீ கண்ட மூன்று பொருள்களின் பெயர்களை எழுதுக’, ‘உன் மனத்தைக் கவர்ந்த ஓவியத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக’ என்னும் வழக்கமான வினாக்கள்தாம். ஆனால் ஒரு தாளின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது. நான் கேட்ட கேள்வியன்று. என்னைக் கேட்ட கேள்வி. அதற்கு அன்று நான் விடை கூறவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். முதலில் அந்த ஓவியங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலர் அவற்றை அறியார்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள்கள் கழித்து, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர் ஏறத்தாழ 50,000 பேர் நகரிலிருந்து சாங்கிக்கு நடந்தே சென்றனர். அங்கிருந்த இராணுவக் குடியிருப்புகளே அவர்களுக்குச் சிறையாயின. அவற்றுள் ராபர்ட்ஸ் பாசறை என்பது கைதிகளின் மருத்துவமனையாக மாறிற்று. அதன் 151ஆம் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் அறையைக் கைதிகள் சிற்றாலயமாக்கி, மருத்துவரான புனித லூக்காவின் பெயரைச் சூட்டினர். நோயாளிகள் நிறைந்த இடத்திற்குப் பொருத்தமான பெயர்தான். லூக்கா ஓவியரும் ஆவார் என்பது கிறிஸ்தவ மரபு. அதை எண்ணிப் பெயர் வைத்தார்களோ இல்லையோ, பெயர் பலித்துவிட்டது.

ஸ்டான்லி வாரன் என்பவர் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். போருக்கு முன் இங்கிலாந்தில் திரைப்பட விளம்பரச் சுவரொட்டிகள் வரைந்து பிழைத்தவர். கைதியான பின் புக்கிட் பாத்தோக்கில் சாலை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே குன்றின் மீது கைதிகள் அமைத்திருந்த வழிபாட்டிடத்தில் கரித்துண்டால் படங்கள் வரைந்தார். பிறகு சீதபேதியும் சிறுநீரகக் கோளாறும் அவரைப் படுக்கையில் தள்ளின. 1942 மே மாதம் சாங்கி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது பிழைப்பாரா என்பதே ஐயம். அவர் வரைவார் என்று கேள்விப்பட்டிருந்த போதகர் இருவர், ‘எங்கள் சிற்றாலயத்திலும் வரைந்து தர இயலுமா?’ என்று கேட்டனர்.

அவர் இசைந்தார். ஆனால் எதைக் கொண்டு வரைவது? சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் வண்ணத்திற்கு எங்கே போவது? சக கைதிகள் தேடத் தொடங்கினர். எங்கு, எதற்கு எடுத்துச் செல்கிறார்கள் என்பது காவலர்களுக்குத் தெரிந்தால் தண்டனை உறுதி. அப்படியிருந்தும் இராணுவ வண்டிகளுக்கு மறைப்பாகப் பூசும் பழுப்பு வண்ணம் கிடைத்தது. சிவப்பும் வெள்ளையும் கிடைத்தன. நீலம் கிடைக்கவில்லை. பில்லியர்ட்ஸ் ஆடுவோர் கோலின் முனையில் தேய்த்துக்கொள்ளும் சிறு நீலச் சுண்ணக் கட்டிகள் சிலவற்றை யாரோ கொண்டுவந்து கொடுத்தனர். அவற்றைப் பொடித்தே நீலம் உண்டாக்கினார் வாரன். இதை வகுப்பில் சொன்னபோது என் மாணவர்களின் கண்கள் விரிந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. வண்ணப் பென்சில் பெட்டியில் ஒரு நிறம் குறைந்தாலே அழும் பிள்ளைகள் அவர்கள்.

உடல் தேறாத நிலையில் ஒரு வேளைக்குக் கால் மணி நேரம் வரைவதே அவருக்குப் பெரும்பாடாயிருந்தது. வரைவார், உட்காருவார், மீண்டும் எழுந்து வரைவார். முதல் ஓவியமான கிறிஸ்து பிறப்பு அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குள் முடிந்தது. அதன்பின் இறுதி இராவுணவு, சிலுவையில் அறைதல், விண்ணேற்றம், சிறையில் லூக்கா என்று 1943இல் ஐந்தும் நிறைவுற்றன. ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் அளவு நீளம். சிலுவைக் காட்சியில் ரோமானிய வீரர்களை அவர் வரையவில்லை. இடையில் ஒரு துணி மட்டும் உடுத்திய அடிமைகளே ஆணி அறைகிறார்கள். கைதிகளும் அந்நாளில் அப்படித்தான் உடுத்தியிருந்தனர். பகைவனைக் கொடியவனாகத் தீட்டிக் காட்டுவதற்கு எல்லாக் காரணமும் இருந்த ஒருவர், மன்னிப்பைக் கருப்பொருளாகக் கொண்டார். நான் கிறிஸ்தவளல்லள். எனினும் அந்தப் படத்தின் முன் பேச்சற்று நின்றேன்.

பின்னர் 1944இல் மருத்துவமனை அங்கிருந்து அகற்றப்பட்டது. அறை ஜப்பானியரின் பண்டகசாலை ஆயிற்று. அடுத்த அறைக்கு வழி வேண்டும் என்று சுவரை உடைத்தார்கள். லூக்கா ஓவியத்தின் கீழ்ப்பகுதி அத்துடன் போயிற்று. எஞ்சியவற்றின் மீது வெண்சுண்ணம் போன்ற பூச்சு ஏறியது. வாரன் உயிரோடு இங்கிலாந்து திரும்பினார். படங்கள் அழிந்திருக்கும் என்றே எண்ணினார்.

1958இல் அக்கட்டடத்தில் தங்கியிருந்த பிரிட்டிஷ் விமானப் படையினர், பூச்சின் அடியில் உருவங்கள் இருப்பதைக் கண்டனர். சுரண்டச் சுரண்டக் கிறிஸ்து வெளிப்பட்டார். ஆனால் வரைந்தவர் யார்? எந்த ஓவியத்திலும் கையொப்பம் இல்லை. அவை இறைவனுக்குத் தந்த காணிக்கை என்று வாரன் கருதியதால் பெயரிடவில்லையாம். இலண்டன் நாளிதழான டெய்லி மிரர் ஓவியரைத் தேடிச் செய்தி வெளியிட்டது. சாங்கி விமானப் படை நூலகத்தில் இருந்த, கைதிகளின் ஆலயங்களைப் பற்றிய நூல் ஒன்றில் அவருடைய பெயர் காணப்பட்டது. 1959இல் அவரைக் கண்டுபிடித்தபோது அவர் இலண்டன் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்தார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகளாக ஒருவர் காலையில் பள்ளிக்குப் போய், பிள்ளைகளுக்கு வண்ணம் கலக்கக் கற்றுக்கொடுத்து, மாலையில் வீடு திரும்பியிருக்கிறார். எனக்கும் அதே தொழில்தான். ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசையில் அமர்ந்திருப்பவரின் மனத்துக்குள் எந்தச் சுவர் பூசப்பட்டுக் கிடக்கிறது என்று நான் கேட்டதுண்டா?

வந்து செப்பனிட்டுத் தரும்படி அழைத்தபோது வாரன் உடனே இசையவில்லை. மறக்க முயன்றுகொண்டிருந்தவரிடம் ‘நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள்’ என்றால் எப்படி வருவார்? இருப்பினும் 1963 இறுதியில் வந்தார். 1982இலும் 1988இலும் மீண்டும் வந்தார். நான்கு ஓவியங்களைத் தம் கையாலேயே மீட்டார். லூக்காவை மட்டும் மீட்க முடியவில்லை. அழிந்த பகுதியில் என்ன இருந்தது என்பது வரைந்தவருக்கே நினைவில்லை. பிற்காலத்தில் பழைய கைதி ஒருவரிடமிருந்து அதன் முதல் கோட்டோவியம் கிடைத்தது. ஆனாலும் சுவரில் அந்தப் பாதி, பாதியாகவே விடப்பட்டுள்ளது. 1992இல் வாரன் மறைந்தார். மூல ஓவியங்கள் சாங்கி விமானப் படைத் தளத்திற்குள் இருக்கின்றன. நினைத்த நேரத்தில் யாரும் உள்ளே செல்ல முடியாது. நாங்கள் 2016இல் பார்த்தவை அருங்காட்சியகத்தில் இருந்த நகல்களே. அவ்வருங்காட்சியகம் 2018இல் மூடப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பூச்சு அழிக்கவும் செய்யும், காக்கவும் செய்யும். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் இடைக்காலத்துச் சிற்றாலயம் ஒன்று உள்ளது. சமயச் சீர்திருத்தக் காலத்தில், 1560களில், அதன் சுவரோவியங்களுக்கு வெள்ளையடிக்கச் செலவு செய்து கணக்கெழுதியவர் நகராட்சிப் பொறுப்பிலிருந்த ஜான் ஷேக்ஸ்பியர், அதாவது கவிஞரின் தந்தை. 1804இல் பழுதுபார்த்தபோது அவை வெளிப்பட்டன. சுரண்டி எறியாமல் வெள்ளையடித்ததால் தப்பின.

நமக்கு நெருங்கியது தஞ்சாவூர். இராசராசன் 1010இல் நிறைவு செய்த பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி இருண்ட, குறுகலான உட்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அங்கே விளக்குடன் சென்றபோது, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறோர் ஓவியம் தெரிவதைக் கண்டார். தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய சோழர் ஓவியம்! ஆனால் மேலே உள்ளதும் ஓவியந்தானே? ஒன்றைக் காக்க மற்றொன்றை உரித்தெறியலாமா? இந்தியத் தொல்லியல் துறையினர் பிற்காலத்தில் நாயக்கர் படலத்தைச் சிதையாமல் பிரித்தெடுத்து, தனிப் பலகைகளில் பதித்தனர். கீழிருந்த சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. இரண்டும் பிழைத்தன. இந்த வேலையின் நுட்பத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை உண்டாகும். பழையதை மீட்கிறேன் என்று சொல்லிப் புதியதை அழிப்பவர்களும், புதியதை வளர்க்கிறேன் என்று சொல்லிப் பழையதைப் பூசி மறைப்பவர்களுமாகத்தானே நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம்!

தஞ்சைக்கு ஒருமுறை சென்றபோது அந்த உட்சுற்றுக்குள் செல்ல இயலவில்லை. படங்களை மட்டுமே பார்த்தேன். சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க முதியவர் ஒருவர் ஓலையுடன் வந்து நிற்கும் காட்சி அவற்றுள் ஒன்று. ‘உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இது, நீ எனக்கு ஆள்’ என்று வழக்காடும் இறைவன் அவர். பாட்டன் எழுதிய ஓலை பேரனைத் தேடி வருகிறது. அதையும் வரைந்தவர் பெயரெழுதிச் செல்லவில்லை.

சாங்கி அருங்காட்சியகத்தில் ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், நாங்க தாள்ல பேரு எழுதலைன்னா நீங்க ஏசுவீங்க. இவரு மட்டும் எழுதல?” எல்லாரும் சிரித்தோம். அதற்கு விடை சொல்வது எளிதாயிருந்தது. அவனுக்கு அருகில் நின்ற மாணவி அதிகம் பேசாதவள். அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. தாளின் பின்புறத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள். ‘நம்ம தாத்தாக்கள் அப்ப எங்க இருந்தாங்க?’

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வரிசையில் நிற்கச் செய்தேன். அது பொய்யன்று; பேருந்து வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் பேருந்துக்காக நான் அவ்வாறு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நம் தாத்தாக்கள் எங்கே இருந்தார்கள்? சிலர் வெகு அருகில் இருந்தார்கள். பிரிட்டிஷ் வீரர்கள் சாங்கிக்கு நடந்த அதே பிப்ரவரி 17ஆம் நாளில், பிரிட்டிஷ் இந்தியப் படையின் வீரர்கள், ஏறத்தாழ 45,000 பேர் என்பார்கள், ஃபேரர் பார்க் திடலில் திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால் வந்துவிடும் இடம் அது. இந்திய தேசிய இராணுவத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த இராணுவத்திற்காக எஸ்பிளனேடில் எழுப்பிய நினைவுச்சின்னத்தை 1945இல் பிரிட்டிஷார் தகர்த்தனர். அந்த இடத்தில் அடையாளப் பலகை வைக்கப்பட்டது 1995இல். கிராஞ்சிப் போர் நினைவிடச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வீரர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. இவற்றையெல்லாம் அன்றே அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கலாம்.

சொல்ல வராதது வேறு. வாரனின் வாழ்க்கையில் ஒரு திருப்பம் உண்டு. அவர் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த நாள்களில் அவருடைய படைப்பிரிவினர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஓவியங்களை முடிக்கட்டும் என்று மேலதிகாரி தலையிட்டு அவரை மட்டும் நிறுத்திவைத்தார். போனவர்களில் திரும்பியோர் சிலரே. தம் உயிரை அந்தச் சுவர்கள் காப்பாற்றின என்னும் எண்ணம் வாரனுக்கு இருந்தது. அந்தப் பாதை 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் முடிந்தது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இது எல்லா அருங்காட்சியகங்களிலும் எழுதப்பட்டிருக்கும் கணக்கு. கைதிகளைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் அவர்களில் ஒரு பெரும் பகுதி. இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்குப் படை எண் கிடையாது. பெயர்ப் பட்டியல் வைத்திருக்க அதிகாரி கிடையாது. மருத்துவமனை என்று சொல்லத்தக்கதும் இல்லை. வாந்திபேதி வந்த முகாம்களில் முகாமே அழிந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்களைப் படித்தவர்கள் அறிவார்கள்.

என் தந்தையின் தந்தை அவர்களுள் ஒருவர். ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். ‘மூணு மாசந்தான் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி’ என்று சொல்லி அழைத்துப் போனார்களாம். 1943ஆம் ஆண்டு. அப்போது என் தந்தைக்கு இரண்டு வயது. அப்பாயி அவர் இறந்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. “சயாமுக்குப் போயிருக்காரு” என்பாள். நான் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் காலம் வரை, நிகழ்காலத்திலேயே அப்படிச் சொன்னாள். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டே இறந்தாள். ஊரில் சிலர் அதைக் குறையாகப் பேசினர் என்பதையும் அறிவேன்.

எனக்கு இதில் கூச்சம் இருந்தது. துக்கம் என்று சொன்னால் நன்றாயிருக்கும். ஆனால் அது கூச்சம்தான். பள்ளியில் சக மாணவிகளின் பாட்டனார்கள் கடை வைத்தவர்கள், எழுத்தர்கள், துறைமுகத்தில் மேற்பார்வையாளர்கள். பிடித்துக்கொண்டு போன கூலியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. தேசிய கல்விக் கழகத்தில் பயின்றபோது ‘குடும்ப வரலாறு’ என்னும் தலைப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தாயின் வழியைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிட்டேன். யாரும் வெள்ளையடிக்கச் சொல்லவில்லை, நானே அடித்துக்கொண்டேன்.

கற்றல் பயணம் முடிந்து வந்த இரவில் தந்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். “தாத்தா பேரு என்னப்பா?” என்று கேட்டேன். முப்பத்தாறு வயதில் கேட்கத்தக்க கேள்வியா அது? சற்று நேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. பிறகு ஒரு பெயரைச் சொன்னார். உடனே, “அது தோட்டத்துப் பதிவுல இருந்த பேரு. வெள்ளைக்காரத் துரையோட கிராணி எழுதினது. ஆத்தா வேற பேரு சொல்லும்” என்று அதையும் சொன்னார். அப்பாயி கணவனின் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லாதவள். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் ஒரே ஒரு முறை சொன்னாளாம். இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த வகுப்புக்குப் பாடநூலை எடுத்துச் செல்லவில்லை. நிலப்படத்தை விரித்துச் சாங்கியைக் காட்டினேன். ஃபேரர் பார்க்கைக் காட்டினேன். பிறகு வடக்கே, மலாயாவைத் தாண்டி, சயாமைக் காட்டினேன். வாரன் போகாத பாதை அது, என் தாத்தா போன பாதை அது என்று சொன்னேன். மாணவர்கள் சத்தமின்றிக் கேட்டனர். ஒருவன் தன் கொள்ளுத்தாத்தாவும் தோட்டத்தில் இருந்தவர் என்றான். மற்றொருத்தி, தன் குடும்பம் 2009இல்தான் திருச்சியிலிருந்து வந்தது, தானும் வீட்டில் கேட்டு வரலாமா என்றாள். கேட்டு வரலாம் என்றேன்.

கேள்வி எழுதிய மாணவி கையை உயர்த்தினாள். இம்முறை வாய்திறந்தே கேட்டாள்: “உங்க தாத்தா பேரு என்ன டீச்சர்?”

வெண்பலகையில் இரண்டு பெயர்களையும் எழுதினேன்.

“இதுல எது சரியான பேரு?”

தெரியவில்லை என்றேன். இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.